தோட்டக்கலை தெரியாதவர் நாட்டுச் செடி நாற்றங்காலில் தன்னார்வலராகச் சேரலாமா?

கேள்வி இதுதான்: "சிலர் சேர்ந்து நாட்டு மரங்களும் செடிகளும் வளர்க்கும் சமூக நாற்றங்கால் ஒன்றில் போய் உதவ ஆசை. ஆனால் வீட்டில் ஒரு தொட்டிச் செடிகூட நான் வளர்த்ததில்லை. வாரத்தில் அரை நாள்தான் ஒதுக்க முடியும். என்னால் ஏதாவது பயன் இருக்குமா, இல்லை தொந்தரவாகத்தான் இருப்பேனா? அங்கே என்ன வேலை இருக்கும், எதைக் கவனிக்க வேண்டும்?"

தாராளமாகச் சேருங்கள். அரை நாள் போதும். ஆனால் அந்த அரை நாள் எந்தக் கிழமை என்று முடிவு செய்துகொண்டு, வாரம் தவறாமல் போங்கள். மாதத்தில் ஒருமுறை முழு நாள் போவதைவிட, வாரம் மூன்று மணி நேரம் போவது நாற்றங்காலுக்கு எவ்வளவோ மேல்.

நாற்றுக்கு வரும் கேடு பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும். போன வாரம் நிமிர்ந்து நின்ற இலை இந்த வாரம் லேசாகத் தொங்கும். ஒரு வரிசை மட்டும் நிறம் வெளுக்கும். நாற்று வளரும் பையின் அடித்துளை வழியாக வேர் எட்டிப் பார்க்கும். இதையெல்லாம் கண்டுபிடிக்கத் தாவரவியல் பட்டம் வேண்டாம், போன வாரம் அந்த வரிசை எப்படி இருந்தது என்று ஞாபகம் இருந்தால் போதும். அந்த ஞாபகம் தவறாமல் வருகிறவருக்குத்தான் இருக்கும். ஒரு விடுமுறை நாளில் பெரிய கூட்டமாக வந்து பை பையாக மண் நிரப்பிவிட்டுப் போவார்கள். சந்தோஷமான நாள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பைகளுக்கு அடுத்த புதன்கிழமை வெயிலில் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதா என்பதில்தான் நாற்றங்காலின் பிழைப்பு இருக்கிறது.

எதுவும் தெரியாது என்ற தயக்கத்துக்கு ஒரு நல்ல பதில் வரலாற்றிலேயே இருக்கிறது. 1977-ல் கென்யாவில் வங்காரி மாத்தாய் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கியபோது, நாற்றங்கால்களை நடத்தியவர்கள் கிராமத்துப் பெண்கள். பலர் பள்ளிக்கூடமே போகாதவர்கள். பயிர் வைத்துப் பழகிய கையும், சுற்றியிருக்கும் மரங்கள் எப்போது விதை உதிர்க்கும் என்ற கவனிப்பும்தான் அவர்களிடம் இருந்தன. டிப்ளமா இல்லாத வனவியலாளர்கள் என்று மாத்தாய் அவர்களைப் பெருமையாகச் சொல்வார். கன்று வளர்த்ததற்காக மட்டும் அவர்களுக்குப் பணம் கொடுக்கப்படவில்லை. நட்ட கன்று பிழைத்திருக்கிறது என்று தெரிந்த பிறகே அந்தச் சிறு தொகை கொடுக்கப்பட்டது. 2004-ல் மாத்தாய்க்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. எந்த நாற்றங்காலுக்குப் போனாலும் பிழைத்த கன்றைத்தான் கணக்கில் எடுக்கிறார்களா என்று பாருங்கள். இதைப் பற்றிக் கடைசியில் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் இந்த இடம் விற்பனைக்கான நர்சரியிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். இது புரிந்தால் மற்ற வேலைகளின் காரணம் தானாகப் புரியும். விற்பனை நர்சரியில் செடிகள் எல்லாம் ஒரே அச்சாக இருக்க வேண்டும். அதனால் பதியன், ஒட்டு, தண்டுக்குச்சி என்று ஒரு நல்ல தாய்ச்செடியின் நகல்களாகவே வளர்ப்பார்கள். நாட்டுச் செடி நாற்றங்காலில் வேண்டியது நேர் எதிரானது. ஒவ்வொரு கன்றும் வேறு வேறு தாய்க்குப் பிறந்ததாக, குணத்தில் கொஞ்சம் கொஞ்சம் மாறுபட்டதாக இருக்க வேண்டும். நட்ட இடத்தில் ஒரு வருடம் மழை பொய்க்கும், இன்னொரு வருடம் ஏதோ ஒரு பூச்சி படையெடுக்கும். கன்றுகளுக்குள் வேறுபாடு இருந்தால்தான் எல்லாமே ஒரே அடியில் போகாமல் சிலவாவது தாங்கி நிற்கும்.

ஆகவே புதிதாக வருகிறவர்கள் இயல்பாகச் செய்யத் தோன்றும் ஒரு காரியத்தைச் செய்யாதீர்கள்: குட்டையாக இருக்கும் கன்றையும் தாமதமாக முளைத்த கன்றையும் 'சரியில்லை' என்று ஒதுக்குவது. நாற்றங்காலில் நிழலும் தண்ணீரும் தவறாமல் கிடைக்கின்றன. இந்தச் சுகத்தில் யார் வேகமாக வளர்கிறார்கள் என்பதை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தால், கல்லும் வெயிலுமான நிலத்தில் மெதுவாக வேரூன்றிப் பிழைக்கக்கூடியதை நாமே கழித்துவிடுகிறோம். நோய் கண்டதை ஒதுக்கலாம், வேர் சுருண்டதை ஒதுக்கலாம். குட்டை என்பது மட்டும் காரணம் ஆகாது.

விதை சேகரிக்க உங்களை அழைத்துப் போவார்கள். எனக்குப் பிடித்த வேலை இதுதான், பொறுப்பு அதிகம் உள்ள வேலையும் இதுதான். கையில் எட்டும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து பையை நிரப்பிக்கொண்டு வருவது சுலபம். அப்படிச் செய்தால் அந்த வருடக் கன்றுகள் எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள். அமெரிக்காவில் நாட்டுத் தாவர விதைகளைச் சேகரிக்கும் 'சீட்ஸ் ஆஃப் சக்சஸ்' திட்டத்தின் நெறிமுறை, குறைந்தது 50 தனித்தனிச் செடிகளிலிருந்து எடுக்கச் சொல்கிறது. அன்றைக்கு முற்றியிருக்கும் விதையில் 20 விழுக்காட்டுக்கு மேல் தொடக் கூடாது என்றும் சொல்கிறது. மீதி எறும்புக்கும் பறவைக்கும், அந்த இடத்திலேயே முளைக்க வேண்டிய அடுத்த தலைமுறைக்கும். அரிய மரங்களில் 50 தாய் கிடைக்காது. அப்போது கிடைக்கிற எல்லாத் தாய்மரங்களிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக, சம அளவில் எடுப்பதுதான் வழி. நில உரிமையாளரிடமோ வனத்துறையிடமோ அனுமதி வாங்காமல் ஒரு காய்கூடப் பறிக்காதீர்கள். நல்ல நோக்கம் என்பதால் அனுமதி தேவையில்லை என்று ஆகிவிடாது.

பறித்த பிறகு என்ன செய்வது என்பது விதையின் சுபாவத்தைப் பொறுத்தது. 1973-ல் ராபர்ட்ஸ் என்ற விதை ஆய்வாளர் விதைகளை இரண்டு பெரும் வகையாகப் பிரித்தார். ஒரு வகை, உலர்த்தினால் உறங்கிப் பல வருடம் உயிரோடு இருக்கும். சரக்கொன்றை, வேல மரங்கள் எல்லாம் இந்த வகை. இன்னொரு வகை, உலர்ந்தால் செத்துவிடும். நாவல் கொட்டை இதற்கு நல்ல உதாரணம். சதையைக் கழுவி எடுத்து, ஈரம் காயும் முன்பே பாத்தியில் போட்டுவிட வேண்டும். 'அடுத்த வாரம் விதைக்கலாம்' என்று வெயிலில் காயவைத்தால் அடுத்த வாரம் விதைக்க ஒன்றும் இருக்காது. வேம்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ரகம். சாதாரணமாக வைத்திருந்தால் சில வாரங்களிலேயே முளைப்புத் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடும். உலர வைக்கக்கூடிய விதைக்கு ஹாரிங்டன் விதி என்று ஒரு கைக்கணக்கு உண்டு: விதையின் ஈரப்பதம் 1 விழுக்காடு குறைந்தாலோ, வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் அளவு குறைந்தாலோ அதன் ஆயுள் சுமார் இரண்டு மடங்காகும். எல்லா நிலைக்கும் அப்படியே பொருந்தும் கணக்கு இல்லை, ஆனால் ஏன் விதையைத் தகரக் கொட்டகையில் வைக்கக் கூடாது என்பது இதில் விளங்கிவிடும். எந்த வகையானாலும் சேகரிக்கும்போது துணிப்பையோ காகிதப்பையோதான். பிளாஸ்டிக் பையில் விதை வெந்துபோகும், பூசணம் பிடிக்கும்.

விதை நல்லதா, சொத்தையா என்று பார்க்கத் தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழிக்கும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. சில இனங்களுக்குச் சரிவரும். இறகு, பஞ்சு, காற்றறை உள்ள விதைகள் நல்லவையாக இருந்தாலும் மிதக்கும். சந்தேகம் இருந்தால் பத்து விதையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக நிறைந்திருந்தால் நல்லது. பத்து விதை போகிறதே என்று பார்க்காதீர்கள், ஒரு பாத்தி நிறையச் சொத்தை விதைத்து மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றுவதைவிட அது லாபம்.

அப்புறம் விதையின் உறக்கம், அதாவது உடனே முளைக்காமல் காத்திருக்கும் குணம். வயலில் விதைக்கும் தானியம் எல்லாம் ஒரே நேரத்தில் முளைப்பது மனிதர் பல ஆயிரம் ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்துப் பழக்கிய குணம். காட்டு விதைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒரே மழையை நம்பி எல்லாம் முளைத்து, அடுத்த வாரம் வறட்சி வந்தால் பூண்டோடு அழியும். அதனால் சில இப்போது, சில அடுத்த மாதம், சில அடுத்த வருடம் என்று முளைக்கும். நாற்றங்காலில் செய்யும் விதை நேர்த்தி என்பது அந்த உறக்கத்தைக் கொஞ்சம் கலைப்பதுதான். சரக்கொன்றை விதையின் தோல் தண்ணீரையே உள்ளே விடாது. மணல்தாளில் தேய்த்தோ, நகவெட்டியால் விளிம்பில் மிகச் சிறிதாக வெட்டியோ ஊறவைத்தால் மறுநாள் உப்பி நிற்கும். வெட்டும்போது விதையின் கண்ணுக்கு, அதாவது காயோடு ஒட்டியிருந்த தழும்புக்கு, எதிர்ப்பக்கம் வெட்ட வேண்டும், கண்ணோரம்தான் முளைக்கரு இருக்கிறது. குளிர்ப் பிரதேசத்து விதைகள் பல, ஈர மணலில் கலந்து சில வாரம் குளிர்பெட்டியில் வைத்தால்தான் குளிர்காலம் முடிந்தது என்று நம்பும். ஆலம்பழ விதை தூசி மாதிரி இருக்கும், மண்ணில் புதைத்தால் வராது. மணலோடு கலந்து மேலாகத் தூவி ஈரம் காயாமல் வைக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் எனக்கு இன்னும் வியப்பு தீராதது புகை. தீ அடிக்கடி வரும் தென்னாப்பிரிக்கப் புதர்க்காடுகளில் சில செடிகளின் விதைகள் எந்த நேர்த்திக்கும் அசையவில்லை. வெப்பம்தான் எழுப்புகிறது என்று நினைத்திருந்தார்கள். 1990-ல் டி லாங், பவுச்சர் என்ற இருவர், செடிகளை எரித்து வரும் புகையே விதையை எழுப்புகிறது என்று காட்டினார்கள். அந்தப் புகையில் இருக்கும் வேதிப்பொருள் 2004-ல் அடையாளம் காணப்பட்டது. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நாற்றங்கால்களில் இப்போது புகையைத் தண்ணீரில் கரைத்து விதையை ஊறவைக்கிறார்கள். ஒரு நிலத்தில் என்னென்ன நடந்தது என்பது அந்த நிலத்து விதைக்குள் பதிந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளப் புத்தகத்தைவிட, அந்தப் பகுதியில் பல வருடம் விதைத்துப் பார்த்த ஒருவரின் பழைய குறிப்பு நோட்டு உதவும். போன முதல் மாதத்திலேயே அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

உங்கள் அரை நாளில் பெரும்பகுதி மண் கலப்பதிலும் பை நிரப்புவதிலும் களை எடுப்பதிலும்தான் போகும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம். அலுப்பான வேலை என்று நினைப்பவர்கள் இரண்டாம் மாதம் நின்றுவிடுகிறார்கள். ஆனால் கன்றின் தலையெழுத்து இங்கேதான் தீர்மானமாகிறது. பையை நிரப்பும்போது கொஞ்சம் போட்டு, தரையில் தட்டி, மறுபடி போட வேண்டும். இடையில் காற்றிடம் விட்டால் அந்த இடத்தில் வேர் காயும். விளிம்பு வரை நிரப்பாமல் பாதியில் விட்டால் பையின் வாய் மடிந்து தண்ணீர் உள்ளே இறங்காது. இறுக்கி அமுக்கினால் வேருக்கு மூச்சு முட்டும். கையில் பிடிக்கும்போது பை தளரவும் கூடாது, கல்லாகவும் கூடாது. நாலு பை நிரப்பினால் கை பழகிவிடும்.

பாத்தியிலிருந்து நாற்றைப் பைக்கு மாற்றுவதுதான் நுணுக்கமான வேலை. பிடிக்க வேண்டியது இலையை, தண்டை ஒருபோதும் பிடிக்கக் கூடாது. இலை கிழிந்தால் இன்னொன்று விடும், தண்டு நசுங்கினால் அத்தோடு சரி. குழி, வேரின் நீளத்துக்கு ஆழமாக இருக்க வேண்டும். ஆழம் போதாமல் திணித்தால் ஆணிவேரின் நுனி மேல்நோக்கி வளைந்துவிடும். இந்தக் குறை அப்போது வெளியே தெரியாது. இலை பச்சையாக, கன்று செழிப்பாகவே இருக்கும். நட்டுச் சில வருடம் கழித்து, பெரும் காற்றில் மரம் சாயும்போதுதான் வேர் வளைந்திருப்பது தெரியவரும். பையில் அதிக நாள் இருந்து வேர் சுற்றிச் சுருண்டாலும் இதே கதிதான். வேர் அடித்துளை வழியாகக் கீழே தரைக்குள் இறங்கிவிடாதபடி சில வாரங்களுக்கு ஒருமுறை பைகளைத் தூக்கி இடம் மாற்றுவார்கள். கம்பித் தட்டின் மேல் வைத்தால் துளைக்கு வெளியே வரும் வேர்நுனி காற்றில் காய்ந்து நின்று, உள்ளே பக்கவேர்கள் நிறையக் கிளைக்கும். இடம் இருந்தால் தட்டுதான் நல்லது என்பது என் கருத்து, நோய் விஷயத்திலும் அது உதவுகிறது.

பனை போன்ற சிலவற்றை நாற்றங்காலில் வளர்க்க முயல்வதே வீண். பனங்கொட்டை முளைத்தவுடன் முதலில் கீழே, ஆழமாக இறங்கும், அப்புறம்தான் மேலே இலை வரும். எவ்வளவு நீளமான பையும் அதற்குப் போதாது. கொட்டையை நிற்கவேண்டிய இடத்திலேயே புதைத்துவிடுவதுதான் முறை. அதேபோல் சந்தனக் கன்று இருக்கும் பையில் துவரையோ வேறு செடியோ கூடவே வளர்ந்திருந்தால் களை என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். சந்தனம் அரை ஒட்டுண்ணி. பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரை ஒட்டிச் சத்து எடுத்தே வளரும். அந்தத் துணைச்செடியை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். களை எடுக்கத் தொடங்கும் முன், 'இந்தத் தட்டில் எது இருக்க வேண்டும்' என்று ஒருமுறை கேட்டுவிடுவது எப்போதும் நல்லது.

தண்ணீர் ஊற்றுவது எளிது என்று தோன்றும், புதியவரிடம் முதலில் கொடுப்பதும் அதைத்தான். ஆனால் என் அனுபவத்தில் வறண்டு செத்த நாற்றைவிட அதிக ஈரத்தில் அழுகிய நாற்று அதிகம். மேலே காய்ந்து தெரிந்தால் உடனே ஊற்றிவிடாதீர்கள். பையைத் தூக்கிப் பாருங்கள், எடையிலேயே தெரியும். அல்லது விரலை முதல் கணு வரை விட்டுப் பாருங்கள். காலையில் ஊற்றினால் மாலைக்குள் இலை உலர்ந்துவிடும். இளநாற்றுகள் கழுத்தில் கறுத்து, ஒடிந்தமாதிரி சாய்ந்தால் அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண் பூசணங்கள் ஈரத்திலும் நெருக்கத்திலும் பெருகுவதால் வருவது. சாய்ந்த நாற்றையும் சுற்றி ஒரு விரற்கடை மண்ணையும் எடுத்துத் தூரப்போட்டு, தண்ணீரைக் குறைத்து, காற்றோட்டம் கொடுக்க வேண்டும். எடுத்ததை உரக்குழியில் போடாதீர்கள்.

சுத்தம் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 2012-ல் கலிபோர்னியாவில் நாட்டுச் செடி நாற்றங்கால் ஒன்றில் 'பைட்டோப்தோரா டென்டாகுலேட்டா' என்ற வேரழுகல் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவில் அது தென்பட்டது அதுவே முதல் முறை. பிறகு, சீரழிந்த நிலத்தைப் பழையபடி இயற்கை நிலைக்கு மீட்பதற்காக நட்ட இடங்களிலும் அதே கிருமி இருந்தது தெரியவந்தது. காட்டுக்கு நல்லது செய்யக் கொண்டுபோன கன்றே நோயைச் சுமந்து போயிருக்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த 'பைட்டோப்தோரா சின்னமோமி' மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கில் செய்த சேதம் இன்னும் பெரியது. அங்கே உள்ள நாட்டுத் தாவர இனங்களில் சுமார் 40 விழுக்காடு அதற்குப் பலியாகக்கூடியவை. மண் ஒட்டிய செருப்பில், வண்டிச் சக்கரத்தில் பரவும் கிருமி இது, ஒருமுறை நிலத்துக்குள் போய்விட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. அதனால் நாற்றங்கால் வாசலில் செருப்பைக் கழுவச் சொன்னால், பழைய பைகளைக் கழுவிக் கிருமி நீக்கிய பிறகே எடுக்கச் சொன்னால், தரையில் கிடந்த குழாய் முனையைப் பாத்தியில் வைக்காதே என்றால், முகம் சுளிக்காதீர்கள். இதைச் சொல்லாத நாற்றங்காலைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வீட்டில் வளர்த்த செடியைப் பாசத்தோடு கொண்டுபோய் அங்கே வைக்கவும் கூடாது. முதலில் கேளுங்கள், தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பார்கள்.

புழு வந்தால் என்ன செய்வது? இது நாட்டுச் செடி நாற்றங்காலுக்கே உரிய சங்கடம். ஆடுதீண்டாப்பாளையை வளர்த்தால் ரோஜா அழகி வண்ணத்துப்பூச்சிகள் தேடி வந்து முட்டையிடும். எருக்கில் வேறொரு வகை. அவை வர வேண்டும் என்றுதானே இந்தச் செடிகளை வளர்க்கிறோம்! ஆனால் சின்னக் கன்றில் நாலு புழு ஏறினால் இரண்டு நாளில் வெறும் குச்சிதான் மிஞ்சும். மருந்து அடிக்காதீர்கள். நாற்றங்காலின் ஓரத்தில் அதே இனத்துப் பெரிய செடி ஒன்றைத் தரையில் நட்டு, புழுக்களை எடுத்து அதில் விட்டுவிடுவதே நல்ல வழி. இலையில் ஓட்டை இருக்கும் கன்று மட்டம் என்று நினைக்கவும் வேண்டாம். வேரும் தண்டும் நன்றாக இருந்தால் அது நல்ல கன்றுதான்.

பெயர்ச்சீட்டுதான் இந்த நாற்றங்காலின் சொத்து. செடியின் பெயர், விதை எந்த இடத்திலிருந்து வந்தது, எத்தனை தாய்மரம், எந்தத் தேதியில் விதைத்தது. இந்த நான்கும் இல்லாத கன்று எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் மீட்பு நிலத்துக்கு அனுப்பத் தகுதி குறைவு. மார்க்கர் பேனாவின் மை வெயிலில் வெளுத்துவிடும், சாதாரணப் பென்சில் வெளுக்காது. ஒரு தட்டை இரண்டாகப் பிரித்தால் சீட்டும் இரண்டாக வேண்டும். சீட்டு விழுந்து கிடந்தால் ஊகித்து எங்கேயாவது செருகிவிடாமல், பொறுப்பாளரிடம் கொடுங்கள். எழுத்து வேலையில், கணக்கு வைப்பதில், படம் எடுத்து ஒழுங்காகச் சேர்த்து வைப்பதில் பழக்கம் உள்ளவர் என்றால் அதைத் தயங்காமல் சொல்லுங்கள். மண்ணில் கைவைக்க ஆள் கிடைத்துவிடும், பதிவேட்டைப் பொறுமையாக நடத்த ஆள் கிடைப்பது கஷ்டம்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். குனிந்தே வேலை செய்வதால் இடுப்பு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், உயரமான மேசையில் பை நிரப்பலாமா என்று கேளுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். பையைத் தூக்கும் முன் ஓரத்தைத் தட்டிப் பாருங்கள், ஈரமான அடியில் தேள், பூரான் இருக்கும். மட்கு உரத்தையும் மண்கலவையையும் கிளறும்போது லேசாக நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூசியில் இருக்கக்கூடிய லெஜியோனெல்லா பாக்டீரியா கடுமையான நுரையீரல் காய்ச்சலைக் கொடுக்கும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மண்கலவை மூட்டைகளிலேயே இந்த எச்சரிக்கையை அச்சிடுகிறார்கள்.

கடைசியாக, எந்த நாற்றங்காலில் சேர்வது என்பது. ஆர்வம் உள்ள எல்லாரும் சரியான வேலையைச் செய்கிறார்கள் என்று சொல்ல முடியாது. விதை எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். இடமும் மரமும் சொல்லிப் பதில் வந்தால் நல்லது. கன்றுகள் எந்த நிலத்துக்குப் போகின்றன, அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று கேளுங்கள். இயற்கையான புல்வெளியில் கொண்டுபோய் மரம் நடுகிறவர்கள், நாட்டு மரமே நட்டாலும், புல்வெளியை அழிக்கிறார்கள். அங்கே வாழும் பறவைக்கும் பூச்சிக்கும் மரநிழல் உதவாது. ஒரு மலைக்காட்டு மரம் அதே நாட்டின் சமவெளிக்கு அயல்தான். மரம் மட்டும் வளர்க்கிறார்களா, புதர், கொடி, புல் எல்லாம் உண்டா என்றும் கேளுங்கள். காட்டின் அடித்தளம் அவைதான், நாற்றங்கால்களில் குறைவாக இருப்பதும் அவைதான். நட்டதில் எத்தனை பிழைத்தன என்ற கேள்விக்கு, எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பார்த்து எழுதி வைத்த பதில் வந்தால் அந்த இடத்தை நம்பிச் சேரலாம். எத்தனை லட்சம் கன்று கொடுத்தோம் என்ற பதில் மட்டும் வந்தால் இன்னொரு இடம் தேடுங்கள்.

சேர எந்தப் பருவம் நல்லது என்றால், பழம் பழுத்து விதை விழத் தொடங்கும் காலம். விதையிலிருந்து நடவு வரை ஒரு முழுச் சுற்றைப் பார்த்தால்தான் முன்பு சொன்ன அலுப்பான வேலைகளின் அர்த்தம் விளங்கும். அது தவறிப்போனால் காத்திருக்க வேண்டாம், கோடையில் போங்கள். அப்போதுதான் மற்றவர்கள் வராமல் நிற்பார்கள், நாற்றுக்கு ஆள் அதிகம் தேவைப்படும். போகும்போது தொப்பி, தண்ணீர், மண் படலாம் என்ற உடை, ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில். முதல் நாளே எல்லாச் செடியின் பெயரையும் கற்றுக்கொள்ள முயலாதீர்கள். ஒரு தட்டைத் தேர்ந்தெடுத்து, பொறுப்பாளரிடம் சொல்லி, வாரா வாரம் அதை மட்டும் பார்த்து எழுதுங்கள்: எத்தனை முளைத்தது, எத்தனை சாய்ந்தது, இலை என்ன நிறம். அந்தத் தட்டில் ஒன்றுமே முளைக்கவில்லை என்றாலும் கொட்டிவிட அவசரப்படாதீர்கள். பொறுப்பாளரைக் கேட்டு, ஈரம் மட்டும் காயாமல் அடுத்த மழைப் பருவம் முடியும் வரையாவது வைத்திருங்கள்.